மொடியூலர் சுவிட்ச் பழுதானால் எந்தப் பாகத்தைக் கழற்றுவது?

அலுவலகக் கணினிகளை ஒன்றோடொன்று இணைக்கும் பெரிய நெட்வேர்க் சுவிட்ச் ஒன்றில் பாகம் மாற்றுவது சின்ன வேலை. இரண்டு திருகாணி, இரண்டு நெம்புப் பிடி, ஒரு இழுப்பு. ஐந்து நிமிடம் போதும். எந்தப் பாகத்தை மாற்றுவது என்று தீர்மானிப்பதில்தான் நேரமெல்லாம் போகிறது. திருகோணமலையில் இதற்குக் கூடுதல் விலையும் உண்டு. மாற்றுக் கார்ட் ஒன்றைக் கையிருப்பில் வைத்திருக்கும் அலுவலகங்கள் குறைவு. வேண்டியதைப் பெரும்பாலும் கொழும்பிலிருந்துதான் எடுப்பிக்க வேண்டும். ஊகத்தில் ஒரு லைன் கார்ட்டை வரவழைத்துப் போட்ட பிறகு, கோளாறு பவர் சப்ளையில் என்று தெரிந்தால் போன காசும் நாளும் போனதுதான்.

24 போர்ட் (கேபிள் செருகும் துளை) உள்ள சின்னச் சுவிட்ச்சுகளோடு பழகியவர்கள், முதல் தடவையாக, பாகம் பாகமாகக் கழற்றி மாற்றக்கூடிய ஒரு மொடியூலர் சுவிட்ச்சின் பொறுப்பை ஏற்கும்போது தெரிந்திருக்க வேண்டியவை இங்கே இருக்கின்றன. கேள்வி ஒன்றுதான், அதையே ஒவ்வொரு படியிலும் திரும்பக் கேட்கப்போகிறோம்: பழுது பாகத்தோடு போகிறதா, இடத்தோடு நிற்கிறதா?

பெட்டிக்குள் இருப்பவை

சின்னச் சுவிட்ச்சில் எல்லாம் ஒரே பலகையில் இருக்கும். ஏதாவது எரிந்தால் பெட்டியோடு மாற்றுவோம். மொடியூலர் சுவிட்ச்சில் முதலில் ஒரு வெறும் உலோகக் கூடு, சேஸி. அதன் உட்பக்க முதுகில் பேக்பிளேன் என்ற பலகை. முன்னாலிருந்து செருகும் கார்ட்டுகள் எல்லாம் போய்ச் சேருவது அந்தப் பலகையில்தான். கார்ட் செருகும் ஒவ்வொரு தட்டும் ஒரு ஸ்லொட்.

முழுச் சுவிட்ச்சையும் ஆள்வது சூப்பர்வைசர் கார்ட். சில தயாரிப்பாளர்கள் இதை மனேஜ்மென்ட் மொடியூல் என்பார்கள். கேபிள்கள் வந்து செருகப்படுவது லைன் கார்ட்டில். இவற்றோடு பவர் சப்ளைகளும், விசிறிகள் எல்லாம் ஒன்றாக அமைந்த விசிறித் தட்டும் உண்டு. சில பெரிய வகைகளில், கார்ட்டுகளுக்கிடையே தரவைக் கடத்தும் ஃபப்ரிக் மொடியூல்கள் தனியாக இருக்கும்.

எந்த ஸ்லொட்டில் எது வரலாம் என்பதற்கு விதி உண்டு. சிஸ்கோ நிறுவனத்தின் கட்டலிஸ்ட் 9400 குடும்பத்தில் 9404ஆர் நான்கு ஸ்லொட், 9407ஆர் ஏழு, 9410ஆர் பத்து. ஏழு ஸ்லொட் பெட்டியில் சூப்பர்வைசருக்குரியவை 3ஆவதும் 4ஆவதும் மட்டும். பத்து ஸ்லொட் பெட்டியில் 5ஆவதும் 6ஆவதும். 1999இல் வந்து இன்னும் சில இடங்களில் ஓடிக்கொண்டிருக்கும் 6500 குடும்பத்தின் ஒன்பது ஸ்லொட் பெட்டியிலும் இரண்டாம் தலைமுறைக்குப் பிந்திய சூப்பர்வைசர்கள் 5, 6ஆம் ஸ்லொட்டுகளில்தான். எச்பி 5400 வகையில் லைன் மொடியூல்களின் ஸ்லொட்டுகளுக்கு எண்ணுக்குப் பதிலாக ஏ, பி, சி என்று எழுத்து. உங்கள் பெட்டியின் ஸ்லொட் அமைப்பை ஒரு தாளில் வரைந்து, எந்த ஸ்லொட்டில் எந்த மாதிரி இலக்கமுள்ள கார்ட் என்று எழுதி, சுவிட்ச் பூட்டியிருக்கும் ராக் அலுமாரியின் கதவின் உட்புறம் ஒட்டிவிடுங்கள். கோளாறு வந்த பிறகு இதை எழுத நேரம் கிடைக்காது.

கரண்டை நிறுத்திப் போடும் பழக்கம்

வீட்டு ரௌட்டர் மக்கர் பண்ணினால் பிளக்கைப் பிடுங்கித் திரும்பப் போடுவோம். அதே கையை இங்கே கொண்டுவரக் கூடாது. இரண்டு காரணம்.

முதலாவது, சான்று அழிந்துவிடும். சுவிட்ச் தனக்கு நடந்ததையெல்லாம் லொக் என்ற பதிவேட்டில் எழுதுகிறது. அந்த லொக் வழக்கமாக ரேமில்தான் இருக்கும். கரண்ட் போனால் அதுவும் போய்விடும். வெளியே ஒரு லொக் சேர்வருக்கு அனுப்பும்படி அமைத்திருந்தால் தப்பித்தீர்கள். அப்படி அமைத்த இடங்கள் அதிகமில்லை.

இரண்டாவது, நின்றது திரும்ப எழும்பாமலே போகலாம். 2014 மார்ச்சில் சிஸ்கோ ஒரு அறிவித்தல் விட்டது. 2005 முதல் 2010 வரை ஒரு வழங்குநர் தயாரித்த மெமரி சில்லுகள் பொருத்திய பலகைகள் ஓடிக்கொண்டிருக்கும்வரை பிரச்சினை தராது. ஏறத்தாழ இரண்டு வருடம் ஓடிய பிறகு கரண்டை நிறுத்திப் போட்டாலோ, கார்ட்டைக் கழற்றிச் செருகினாலோ எழும்பாமல் போகலாம் என்பது அதன் சாரம். அந்தத் தொகுதிக்கு மட்டும் உரிய கோளாறு அது என்றாலும், பழைய பலகைகளின் பொதுக் குணமும் அதுதான். வருடக்கணக்காக ஓடிய பவர் சப்ளை, ஆறி மறுபடி சூடேறும் வேளையில்தான் மூச்சை விடும். 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை போன மின்வெட்டு போன்ற காலங்கள் இந்த வகைப் பழுதுகளுக்கு நல்ல விளைநிலம்.

எனவே முதலில், லப்டொப்பைச் சுவிட்ச்சோடு நேரடியாக இணைக்கும் கொன்சோல் கேபிளைச் செருகுங்கள். பெரும்பாலான சுவிட்ச்சுகளின் கொன்சோல் வேகம் விநாடிக்கு 9600 பிட். இணைப்பு அமைப்பில் டேட்டா பிட் 8, பரிட்டி இல்லை, ஸ்டொப் பிட் 1. சில தயாரிப்புகள் 115200இல் இருக்கும். திரையில் கிறுக்கல் வந்தால் வேகத்தை மாற்றிப் பாருங்கள். லப்டொப்பில் திரையில் வருவதையெல்லாம் ஒரு கோப்பில் பதியும்படி வைத்துவிட்டு, அதன் பிறகு கட்டளைகளைக் கொடுங்கள். சிஸ்கோ பழக்கத்தில் சொன்னால், முதலில் ‘ஷோ லொகிங்’, ‘ஷோ மொடியூல்’, ‘ஷோ என்வைரன்மென்ட்’, ‘ஷோ பவர்’. கடைசியாக ‘ஷோ டெக்-சப்போர்ட்’. இது நீளமாக ஓடும், இடையில் நிறுத்த வேண்டாம். ஜூனிப்பர் பெட்டியானால் ‘ஷோ சேஸிஸ் அலாம்ஸ்’, ‘ஷோ சேஸிஸ் ஹார்ட்வெயார்’. எந்தத் தயாரிப்பானாலும் கேட்பது ஒன்றைத்தான்: எந்தப் பாகத்தை நீ அடையாளம் காண்கிறாய், அதன் நிலை என்ன, கடைசியாக எதைப் பற்றி முறையிட்டாய்?

கைபேசியால் முன்பக்கத்தை இரண்டு படம் எடுங்கள். ஒன்று விளக்குகள் தெரியும்படி கிட்டத்திலிருந்து, மற்றது கேபிள்கள் எந்தப் போர்ட்டில் என்று தெரியும்படி. 48 கேபிளைக் கழற்றிய பிறகு இந்தப் படத்தின் அருமை விளங்கும்.

விளக்குகளும் நிலைச் சொற்களும்

பச்சை நல்லது, செம்மஞ்சள் கவனிக்கவும், சிவப்பு கெட்டது. பெரும்பாலும் சரி, எப்போதும் அல்ல. கார்ட் ஒன்று எழும்பும்போது சுயசோதனை நடக்கும் சில நிமிடங்களுக்குச் செம்மஞ்சள் காட்டுவது இயல்பு. அந்தச் சமயத்தில் பொறுமையிழந்து இழுத்தெடுத்தால் நல்ல கார்ட்டை நீங்களே கெட்டதாக எண்ணிக்கொள்வீர்கள்.

விளக்கைவிட ‘ஷோ மொடியூல்’ சொல்வது தெளிவு. ‘ஓகே’ என்றால் எழும்பியிருக்கிறது. சோதனை முடிவில் ‘மைனர் எரர்’ என்றால் சில போர்ட்டுகளோ ஒரு பகுதியோ தோற்றிருக்கிறது, மீதி ஓடும். ‘மேஜர் எரர்’ என்றால் கார்ட்டே ஓடாது. பட்டியலில் அந்த ஸ்லொட்டே வரவில்லையென்றால் சுவிட்ச்சுக்கு அப்படியொரு கார்ட் இருப்பதே தெரியவில்லை. சரியாகச் செருகப்படாதது, இணைப்பு ஊசியான பின் வளைந்தது, கார்ட் முழுதாகச் செத்தது என்ற மூன்றில் ஒன்று அங்கே நடந்திருக்கும்.

6500 குடும்பத்தில் ‘பவர் டிநை’ என்ற நிலையைப் பார்த்தால் கார்ட்டைத் தொடவே வேண்டாம். கார்ட்டில் பிழையில்லை. அதற்குக் கொடுக்கச் சுவிட்ச்சிடம் கரண்ட் மிச்சமில்லை. புதியவர்கள் நல்ல கார்ட்டைப் பழுது என்று திருப்பியனுப்புவது இந்த இடத்தில்தான்.

கரண்ட் கணக்கு

மொடியூலர் சுவிட்ச் ஒவ்வொரு கார்ட்டுக்கும் இத்தனை வாட் என்று முன்கூட்டியே ஒதுக்கும். கேபிள் வழியாகவே தொலைபேசிக்கும் கமராவுக்கும் கரண்ட் கொடுக்கும் பீஓஈ கார்ட்டுகள் இருந்தால் கணக்கு வேகமாக ஏறும். பழைய 802.3ஏஎஃப் முறையில் ஒரு போர்ட்டுக்கு 15.4 வாட்; 48 போர்ட்டும் நிறைந்தால் 739 வாட். 802.3ஏடி முறையில் போர்ட்டுக்கு 30 வாட், 48க்கும் சேர்த்து 1440 வாட். இதில் கார்ட்டின் சொந்தச் செலவு இன்னும் சேரவில்லை. ஹோட்டல் ஒன்றில் பழைய கமராக்களை எடுத்துவிட்டுச் சுழலும் வகை கமராக்களைப் பூட்டிய அடுத்த வாரம் ஒரு கார்ட் எழும்ப மறுத்தால் காரணத்தைத் தேடி வெகுதூரம் போகத் தேவையில்லை.

இரண்டு பவர் சப்ளை இருந்தால் அவை எந்த முறையில் அமைக்கப்பட்டிருக்கின்றன என்பதையும் பாருங்கள். ஒன்றுக்கு மற்றது காவல் என்ற முறையில், ஒன்று செத்தாலும் எதுவும் அணையாது. ஆனால் பாவிக்கக் கிடைப்பது ஒன்றின் வாட் மட்டுமே. இரண்டையும் கூட்டும் முறையில் வாட் அதிகம்; ஒன்று செத்தால் கணக்கு இடித்து, முதலில் தொலைபேசிகளும் கமராக்களும், பிறகு கார்ட்டுகளும் அணையத் தொடங்கும். மூன்று கார்ட் ஒரே நேரத்தில் போனது என்று யாராவது சொன்னால் கார்ட்டுகளைச் சந்தேகிப்பதற்கு முன் பவர் சப்ளைகளை எண்ணுங்கள். மூன்றும் ஒரே மணியில் தனித்தனியே பழுதாவது மிக அரிது. அவை பகிர்ந்துகொள்ளும் ஒன்று பழுதாவதே வழக்கம்.

பவர் சப்ளையிலேயே இரண்டு விளக்கு இருக்கும். உள்ளே வரும் கரண்டைக் காட்டுவது ஒன்று, வெளியே கொடுப்பதைக் காட்டுவது மற்றது. உள்விளக்கே எரியவில்லையென்றால் பவர் சப்ளையை விட்டுவிட்டு வயரைப் பாருங்கள். உள்விளக்கு எரிந்து வெளிவிளக்கு எரியாவிட்டால், ஆளியும் போட்டிருந்தால், அநேகமாகப் பவர் சப்ளைதான். உறுதிப்படுத்துவதற்கென்று, நன்றாக ஓடும் மற்றைய பவர் சப்ளையின் கரண்ட் வயரை எடுத்து இதில் மாற்றிப் பார்க்க வேண்டாம். எந்த முறையில் இருந்தாலும் அப்போது சுவிட்ச்சைத் தாங்கி நிற்பது அது ஒன்றுதான்; அந்த வயரைப் பிடுங்கினால் முழுச் சுவிட்ச்சும் படுத்துவிடும்.

பிளக் விடயத்திலும் ஒரு சிக்கல் இருக்கிறது. நம் சுவரிலுள்ள சதுரப் பின் பிளக் 13 ஆம்பியருக்கு உரியது. 230 வோல்ட்டில் அது 2990 வாட். 3200 வாட் பவர் சப்ளை முழுச் சுமையில் உள்ளே இழுப்பது அதைவிட அதிகம். 15 ஆம்பியரைத் தாண்டும். அதனால்தான் இத்தகைய பவர் சப்ளைகளின் பின்புறத்தில் கணினி வயர் பொருந்தாது. 16 ஆம்பியருக்கான அகலமான சி19 முனைதான் பொருந்தும். மறுமுனையில் யாரோ 13 ஆம்பியர் பிளக் பூட்டிக் கொடுத்திருந்தால், சுமை குறைவான நாட்களில் எல்லாம் சரியாகத் தெரியும். எல்லாக் கார்ட்டும் ஏறும் நாளில் பிளக்கின் ஃபியூஸ் போகும், அல்லது சொக்கட் கருகும். பிளக்கைத் தொட்டுப் பாருங்கள். கை வைக்க முடியாத சூடென்றால் மின்சார வேலைக்காரரைக் கூப்பிட்டுத் தனி வயர் இழுப்பியுங்கள்.

நமக்கு வரும் 230 வோல்ட்டில் 6 வீதம் ஏற்றம் இறக்கம் ஏற்கப்பட்டது. அதாவது 216 முதல் 244 வரை. நல்ல பவர் சப்ளைக்கு இது பொருட்டில்லை. ஜெனரேட்டருக்கு மாறும் நொடியில் வரும் உதைதான் பொருட்டு. யூபிஎஸ் இல்லாமல் நேரடியாக ஜெனரேட்டரில் கொடுத்திருக்கும் பெட்டிகளில் பவர் சப்ளைகள் கெதியாகப் போய்விடுகின்றன. இரண்டு பவர் சப்ளையையும் ஒரே யூபிஎஸ்ஸில் செருகி வைப்பதும் வழக்கமான தவறு. அந்த யூபிஎஸ்ஸின் பற்றரி போனால் காவலும் போயிற்று.

சூடும் விசிறியும்

இந்தப் பெட்டிகளில் பெரும்பாலானவை, உள்ளே போகும் காற்று 40 பாகை செல்சியஸுக்குக் கீழே இருக்கும் என்ற நம்பிக்கையில் செய்யப்பட்டவை. கச்சான் வீசும் மாதங்களில் வெளியே 35ஐத் தாண்டும் ஊரில், ஏசி நின்ற மூடிய அறை அந்த எல்லையை ஒரு மணித்தியாலத்துக்குள் தொட்டுவிடலாம். மின்வெட்டு வந்தால் சுவிட்ச் யூபிஎஸ்ஸில் ஓடும், ஏசி ஓடாது. இதை யோசிக்காமல் பெரிய யூபிஎஸ் வாங்குவது சுவிட்ச்சை நீண்ட நேரம் வேகவைப்பதற்குத்தான் உதவும்.

6500, 9400 போன்றவற்றில் காற்று முன்னிருந்து பின்னுக்குப் போகாது, பக்கவாட்டில் போகும். சுவரோடு ஒட்டி ராக்கைத் தள்ளி வைத்திருந்தால் மூச்சு முட்டும். சுவருக்கும் பெட்டிக்கும் இடையில் குறைந்தது 15 சென்ரிமீற்றர் வேண்டும். வெறும் ஸ்லொட்டுகளுக்கு மூடித் தகடு போட்டே ஆக வேண்டும். திறந்திருந்தால் காற்று எளிதான வழியால் ஓடிவிட, பக்கத்துக் கார்ட் சூடாகும்.

விசிறித் தட்டைப் பெட்டி ஓடும்போதே கழற்றலாம். ஆனால் மாற்றுத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு கழற்றுங்கள். எத்தனை நிமிடத்துக்குள் போட வேண்டும் என்பது அந்தந்த மாதிரியின் கையேட்டில் இருக்கும். கழற்றியதும் கையை உள்ளே விட வேண்டாம். சுற்றிக்கொண்டிருக்கும் விசிறி நிற்கச் சில விநாடி எடுக்கும்.

உப்பு

கடற்கரை ஊருக்கே உரிய பகுதி இது. கடற்காற்றில் மிதந்து வரும் உப்பு, தூசியோடு சேர்ந்து பலகையில் படிகிறது. உலர்ந்திருக்கும்வரை அது பெரிதாக எதுவும் செய்யாது. காற்றின் ஈரப்பதன் ஏறத்தாழ 75 வீதத்தைத் தாண்டும்போது உப்பு ஈரத்தை இழுத்துத் தானே கரைசலாகிவிடும். கரைசல் மின்னைக் கடத்தும், செம்பை அரிக்கும். வாடைக் காலத்தில் உப்புவெளி, நிலாவெளிக் கரையோரக் கட்டடங்களில் இரவெல்லாம் இந்த எல்லைக்கு மேலேதான். ஏசி நின்றவுடன் யன்னலைத் திறந்துவிடும் நல்லெண்ணம் இங்கே கெடுதல் செய்கிறது. குளிர்ந்த உலோகத்தின் மேல் ஈரக்காற்றுப் பட்டு, பலகை வியர்க்கும்.

இந்த வகைக் கோளாறின் அடையாளம், ஒழுங்கில்லாமை. காலையில் வேலை செய்யும், மழை பெய்தால் விடும். கார்ட்டைக் கழற்றிச் செருகினால் சில வாரம் நன்றாக ஓடும், காரணம் தொடுமுனைகள் உரசித் தற்காலிகமாகச் சுத்தமானதுதான். இரண்டாம் முறையும் அப்படி நடந்தால் கார்ட்டை வெளியே எடுத்து ரோச் வெளிச்சத்தில் தொடுமுனையையும் பலகையின் ஓரங்களையும் பாருங்கள். பச்சைப் பூச்சோ வெள்ளைப் பொடியோ தெரிந்தால் அரிப்பு. மெல்லிய பூச்சானால் 99 வீத ஐசோபுரோப்பைல் அல்ககோலில் நனைத்த பஞ்சு விடாத துணியால் துடைத்து, முழுதாகக் காய்ந்த பின் செருகலாம். பென்சில் அழிறப்பரால் தேய்க்கும் பழைய கைவைத்தியம் வேண்டாம், மேலேயுள்ள தங்கப் பூச்சு போய்விடும். பேக்பிளேன் பக்கத்துப் பின்களைத் துடைக்க முயலவும் வேண்டாம்.

புதிய பாகம் வந்த பெட்டியை உடனே திறப்பதும் இதே தவறு. குளிரூட்டிய வாகனத்தில் வந்தது, வெக்கையான அறையில் பையைக் கிழித்ததும் வியர்க்கும். மூடியபடியே சில மணித்தியாலம் அறையில் வைத்து, சூடு சமனான பிறகு திறவுங்கள்.

மாற்றிச் செருகிப் பார்த்தல்

சந்தேகத்துக்குரிய லைன் கார்ட் 3ஆம் ஸ்லொட்டில் இருக்கிறது என்று வைப்போம். அதை எடுத்து, வெறுமையாக இருக்கும் 7ஆம் ஸ்லொட்டில் செருகுகிறோம். அங்கேயும் அதே கோளாறு என்றால் கார்ட்டில் பழுது. அங்கே நன்றாக ஓடினால், நல்ல கார்ட் ஒன்றை 3இல் போட்டுப் பார்க்கலாம். அதுவும் தடுமாறினால் ஸ்லொட்டில் பழுது. இரண்டும் இரண்டு இடத்திலும் நன்றாக ஓடினால் முதலில் கார்ட் சரியாக உட்காரவில்லை என்றுதான் பொருள். பழுது என்று சொல்லப்படும் கார்ட்டுகளில் இப்படிப்பட்டவை பல.

இதைச் செய்யும்போது தவறுவது இப்படி.

கார்ட்டை எடுத்தவுடன் அதன் பின்புற இணைப்பியையும், ஸ்லொட்டின் ஆழத்தில் பேக்பிளேனிலுள்ள பின்களையும் ரோச் அடித்துப் பாருங்கள். இது கட்டாயம். ஒரு பின் வளைந்திருந்தால், அந்த ஸ்லொட்டில் நீங்கள் சோதனைக்கென்று செருகும் ஒவ்வொரு நல்ல கார்ட்டும் சேதமாகலாம். கார்ட்டின் இணைப்பி உடைந்திருந்தால் அது போகும் ஒவ்வொரு ஸ்லொட்டையும் கெடுக்கும். அம்மை மாதிரி, தொட்டதெல்லாம் தொற்றிக்கொள்ளும். வளைந்த பின்னை இடுக்கியால் நிமிர்த்தலாமா என்றால், வேண்டாம். முறிந்தால் சேஸியையே மாற்ற வேண்டும்.

கார்ட்டைத் தொடுவதற்கு முன் மணிக்கட்டில் நிலைமின் பட்டி கட்டி, அதன் கிளிப்பைச் சேஸியில் அதற்கென்றுள்ள இடத்தில் மாட்டுங்கள். பட்டியிலுள்ள 1 மெகாஓம் தடை உங்களைக் காப்பதற்கானது. பட்டிக்குப் பதிலாக வெறும் வயர் கட்டக் கூடாது. இங்கே காற்று ஈரமானது, நிலைமின் வராது என்பார்கள். ஏசி அறைக்குள் அந்தக் கணக்குச் சரிவராது.

ஓடும் கார்ட்டைக் கழற்றும் வசதி உள்ள வகைகளிலும், முதலில் மென்பொருளில் அதை அணைத்துவிட்டுக் கழற்றுவது நல்லது. கழற்றிய பின் ஒரு நிமிடம் பொறுங்கள், சுவிட்ச் அதை மறக்கட்டும். செருகும்போது வழித்தடத்தில் சரியாக வைத்து, ஒரே சீராகத் தள்ளி, இரண்டு நெம்புப் பிடியையும் ஒன்றாக மடக்குங்கள். ஒரு பக்கம் மட்டும் மடக்கினால் சரிந்து ஏறும். அதன் பிறகு திருகாணியை முறுக்குங்கள். கார்ட்டின் விளிம்பிலுள்ள உலோக வில்கள் பக்கத்துக் கார்ட்டைத் தள்ளும். திருகாணி இல்லாவிட்டால் ஒன்றைச் செருகும்போது அடுத்தது நழுவும்.

இன்னொன்று, புதியவர்களை நன்றாகக் குழப்புவது. போர்ட் அமைப்புகள் ஸ்லொட் இலக்கத்தோடு சேமிக்கப்படுகின்றன, கார்ட்டோடு அல்ல. 3இலிருந்து 7க்குப் போன கார்ட்டின் போர்ட்டுகள் எல்லாம் அமைப்பே இல்லாத புதிய போர்ட்டுகள்; இயல்புநிலை விலானில் (சுவிட்ச்சுக்குள் பிரித்து வைக்கும் தனி நெட்வேர்க்) நிற்கும். பாவனையாளர் கணினிக்கு நெட்வேர்க் வரவில்லை என்பதற்காக அங்கேயும் கோளாறு என்று தீர்ப்பெழுதிவிடாதீர்கள். சுயசோதனை முடிவையும் போர்ட்டின் இணைப்பு விளக்கையும் பாருங்கள்.

ஒரு தடவையில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். கார்ட்டையும் கேபிளையும் சேர்த்து மாற்றிக் கோளாறு போய்விட்டால், எது குற்றவாளி என்று உங்களுக்கு இன்னும் தெரியாது.

சில போர்ட்டுகள் மட்டும் போனால்

ஒரே ஒரு போர்ட் என்றால் கேபிள், எதிர்முனை, போர்ட் என்ற வரிசையில் சந்தேகியுங்கள். தரவு சிதைந்து வருவதைக் காட்டும் சீஆர்சி பிழை எண்ணிக்கை ஏறுகிறதா என்று பார்த்து, எண்ணியைப் பூச்சியமாக்கிவிட்டுப் பத்து நிமிடம் கழித்துத் திரும்பப் பாருங்கள். பழைய எண்ணிக்கையைப் பார்த்துப் பயப்படுவது வீண். ‘எரர்-டிசேபிள்ட்’ என்று அணைந்திருந்தால் அது மென்பொருள் பூட்டிய பூட்டு. காரணம் லொக்கில் இருக்கும்.

அடுத்தடுத்த எட்டோ பன்னிரண்டோ போர்ட்டுகள் கூட்டமாகப் போனால் கதை வேறு. கார்ட்டுக்குள் ஒரு சில்லு இத்தனை போர்ட்டுகள் என்று குழுவாக ஆள்கிறது. குழுவோடு போவது சில்லு போனதன் அடையாளம். இடி மின்னலுக்கு அடுத்த காலையில் இதைக் கண்டால், அந்தக் குழுவில் வேறு கட்டடத்திலிருந்து வரும் செம்புக் கேபிள் ஒன்று இருக்கிறதா என்று தேடுங்கள். இருந்தால் கார்ட்டை மாற்றுவது பாதி வேலைதான். அந்தக் கேபிளை ஒளியிழைக் கேபிளாக, அதாவது ஃபைபராக, மாற்றாவிட்டால் அடுத்த இடிக்குப் புதிய கார்ட்டும் போகும்.

ஃபைபர் போர்ட்டுகளில், ஒளியை அனுப்பிப் பெறும் பாகமான டிரான்சீவர் தன் ஒளி அளவைத் தானே சொல்லும் வகையானால் வேலை சுலபம். 1000பேஸ்-எல்எக்ஸ் வகை அனுப்புவது −3 முதல் −9.5 டிபிஎம் (ஒளிவலுவை அளக்கும் அலகு), −19 வரை குறைந்து வந்தாலும் வாசிக்கும். உங்கள் பக்கம் அனுப்புவது இந்த எல்லைக்குள் இருந்து, பெறுவது மட்டும் −25 என்றால் உங்கள் டிரான்சீவர் நிரபராதி. வழியில் அழுக்கோ வளைவோ, அல்லது எதிர்முனை. ஒவ்வொரு 3 டெசிபெல் இறக்கமும் ஒளி பாதியாவது என்று நினைவில் வைத்தால் எவ்வளவு மோசம் என்று விளங்கும். அனுப்புவதே குறைந்திருந்தால் டிரான்சீவரை மாற்றுங்கள். முதலில் முனைகளைச் சுத்தம் செய்யுங்கள், ஃபைபர் முனைக்குள் கண் வைத்துப் பார்க்காதீர்கள். சொந்த ஒளியைத் தனக்கே திருப்பிச் சோதிக்கலாம். 70 கிலோமீற்றர் போகும் இசட்எக்ஸ் போன்ற நீண்டதூர வகைகளில் மட்டும் ஒளிக்குறைப்பான் இல்லாமல் அப்படிச் செய்தால் பெறும் பகுதி கெட்டுவிடும்.

சூப்பர்வைசர்

இரண்டு சூப்பர்வைசர் இருந்தால் கையால் தொடாமலே மாற்றிப் பார்க்கலாம். பொறுப்பை மற்றதற்கு மாற்றும் கட்டளையைக் கொடுத்து, கோளாறு போகிறதா என்று பாருங்கள். இரவில் செய்யுங்கள்.

லொக்கில் ‘பரிட்டி எரர்’ என்று ஒரு தடவை வந்ததற்காகக் கார்ட்டை மாற்ற வேண்டாம். விண்வெளியிலிருந்து வரும் கதிர்த்துகள் மெமரியில் ஒரு பிட்டைப் புரட்டிவிடுவது உண்மையிலேயே நடக்கும். குறித்து வைத்து, மீள இயக்கி, கவனியுங்கள். அதே கார்ட்டில் திரும்பவும் வந்தால் மெமரி பழுது, மாற்றுங்கள். இயக்க மென்பொருளை ஏற்ற முடியாதபோது வரும் ‘ரொம்மொன்’ என்ற வரியில் வந்து நின்றால் வன்பொருள் பழுதாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. ஃபிளாஷில் இயக்க மென்பொருள் அழிந்திருக்கலாம், அதைத் திரும்ப ஏற்றலாம்.

மாற்றிய பிறகு

புதிய கார்ட் எழும்பவில்லையா? அதையும் பழுது என்று முடிவெடுக்க முன் மென்பொருள் பதிப்பைப் பாருங்கள். பின்னர் வந்த திருத்தக் கார்ட்டுகளைப் பழைய பதிப்பு அடையாளம் காணாது. எழும்பியதும் முழுச் சுயசோதனை ஒன்றை ஓட்டுங்கள். சில சோதனைகள் போர்ட்டுகளை நிறுத்தும், மெமரிச் சோதனைக்குப் பிறகு கார்ட்டை மீள இயக்க வேண்டிவரும். கேபிள்களைச் செருக முன் செய்வது உசிதம். எண்ணிகளைப் பூச்சியமாக்கி, மறுநாள் அதே நேரத்தில் பாருங்கள்.

கழற்றிய கார்ட்டை நிலைமின் காப்புப் பையில் போட்டு, தொடர் இலக்கம், இருந்த ஸ்லொட், லொக்கில் வந்த வரி, திகதி ஆகியவற்றைப் பையின் மேலேயே எழுதுங்கள். உத்தரவாதத்தில் திருப்பியனுப்பினால் மறுபக்கத்தில் கேட்பது இவற்றைத்தான். அனுப்பாமல் அலுமாரியில் வைப்பதானால் ‘பழுது’ என்று பெரிதாக எழுதி கார்ட்டின் நெம்புப் பிடியிலேயே ஒட்டுங்கள். எழுதாத கார்ட் ஆறு மாதத்தில் அங்கே நல்ல உதிரிப்பாகமாகிவிடும், அடுத்த அவசரத்தில் யாரோ அதை எடுத்துச் செருகுவார்கள்.